முகதாட்சணியத்தின் எடை: கொடைக்கானல் பாதரச வழக்கை முன்வைத்து

நேரில் பேசும்போது நாவை அடக்குவது பண்பு, இணையத்தில் அது கட்டவிழ்வது பண்பின் சரிவு என்று சொல்வது இன்று வாய்ப்பாடாகிவிட்டது. இந்தக் கட்டவிழ்வுக்கு 2004இல் உளவியலாளர் ஜான் சூலர் காரணங்கள் சொன்னார்: பெயர் மறைவு, முகம் காணாமை, மறுமொழி உடனே வராமை. சரியான காரணங்களே. ஆனால் நேர்முக அடக்கம் எல்லார் தலையிலும் ஒரே எடையில் ஏறுவதில்லை. திருக்குறள் ‘கண்ணோட்டம்’ என்ற 58ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியலில் வைத்திருக்கிறது. கண்டு இரங்குவது ஆள்பவனின் கடன் என்பது அதன் குறிப்பு. நடைமுறையிலோ முகதாட்சணியம் பார்த்து வாயை மூடிக்கொள்பவர் பெரும்பாலும் எளியவர்தான். மொட்டைக் கடுதாசி எழுதியவர்களுக்கு இது இணையத்துக்கு முன்பே தெரியும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் இங்கே வந்த ஆலை அது. பின்னர் இந்துஸ்தான் யூனிலீவர் வசமானது. மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கிடந்தது 2001 மார்ச்சில் வெளிப்பட, ஊர்மக்களும் சூழல் அமைப்புகளும் திரண்டனர்; ஆலை மூடப்பட்டது. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் பாதரசப் பாதிப்புக்கு நிவாரணம் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2015 ஜூலை இறுதியில் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் பாடல் ஒன்றின் மெட்டில் ‘கொடைக்கானல் வோன்ட்’ பாடி, யூனிலீவரைப் பெயர் சொல்லிச் சாடினார். லட்சக்கணக்கானோர் பார்த்தனர். சம்பளம் தருபவரின் மேசைக்கு முன் நின்று அந்தத் தொனியில் எந்தத் தொழிலாளி பேசியிருக்க முடியும்? 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது.

தொழிலாளர்கள் முன்பே பேசினார்களே என்று கேட்கலாம். பேசினார்கள், ஊர்வலமாக, சங்கமாக, மனுதாரர்களாக. தனி முகத்தைக் கூட்டத்துக்குள் கரைத்துக்கொள்ளும் வடிவங்கள் இவை மூன்றும். பத்தாண்டு வழக்கு செய்ததைப் பாட்டின் கணக்கில் எழுதலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது, வழக்கு இல்லாவிட்டால் பாட்டுக்குப் பிடிமானமே இருந்திராது. ஊருக்குள் கிடந்த அவமானத்தை உலகறியச் செய்ததுதான் பாட்டின் பங்கு. மூன்றாவது மறுப்பே வலுவானது: இதே முகமின்மைதான் பெண்களையும் எளியவர்களையும் அன்றாடம் கடித்துக் குதறுகிறது. உண்மை. ஆகவே சொல்லின் சூட்டை மட்டும் அளப்பது போதாது, அது மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கி விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நேர்ப்பேச்சின் நாகரிகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து முடித்த அந்த ஒப்பந்தத்தில் முகம் காப்பாற்றப்பட்டது நிறுவனத்துக்கு: தொகை வெளியிடப்படவில்லை; தரப்பட்டது மனிதாபிமான அடிப்படையிலான உதவி என்றே அறிவிக்கப்பட்டது.