கை வெட்டிய அரமும் பொறி வெட்டிய அரமும்

பழைய கருவியே நல்ல கருவி என்னுங் கூற்று, பட்டறைகளிற் பெரும்பாலும் மறுப்பின்றியே வழங்கி வருகின்றது. தந்தை கையாண்ட சாவி மைந்தன் காலத்திலும் உழைக்கின்றது. மைந்தன் வாங்கிய புதியதோ ஆண்டொன்று செல்லுமுன் வாய் விரிந்துவிடுகின்றது. இவ்வனுபவம் பொய்யன்று. ஆயினும் அதனினின்று முடிபு காணுமிடத்து ஒரு தடை உண்டு. பழையனவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நல்லனவே. தீயன முறிந்தும் தேய்ந்தும் பழைய இரும்புக் குவியலைச் சேர்ந்து நெடுங்காலமாயிற்று. எஞ்சிய சிலவற்றைக் கொண்டு ஒரு காலத்துத் தொழில் முழுவதையும் அளத்தல் பொருந்தாது. இவ்வழக்கை நடுநிலையில் ஆராய வேண்டுமாயின், பழமையும் புதுமையும் ஒரே காலத்தில் ஒரே சந்தையில் எதிரெதிர் நின்ற நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அத்தகைய நிகழ்ச்சி 19ஆம் நூற்றாண்டின் அரத் தொழிலிற் காணப்படுகின்றது.

அரம் தமிழர்க்குப் புதிய பொருளன்று. திருக்குறளில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அஃது எடுத்தாளப்பட்டுள்ளது. பண்புடைமை அதிகாரத்தில் அதன் கூர்மையும், உட்பகை அதிகாரத்தில் அது பிறவற்றைத் தேய்க்குந் திறமும் உவமையாயின. இயந்திரத் தொழிலின் தொடக்க காலத்தில் அரம் பெற்றிருந்த இடத்தை இக்காலத்தார் எளிதில் உணரார். கடைசற் பொறி முதலியன செம்மையுறாத அந்நாளில், சுழல்தண்டு தாங்கியிற் பொருந்துவதும் நீராவிப் பொறியின் வால்வு கசிவின்றி அமர்வதும் அரம் பிடித்தவன் கையையே பொறுத்திருந்தன. கைத்திறன் எத்துணைச் சிறந்ததாயினும் அரம் தீயதாயின் வேலை தீயதாகும். எனவே அரத்தின் தரம் என்பது பொறியியற் றொழில் முழுவதன் தரமாகவும் இருந்தது.

நல்ல அரத்துக்குப் பெயர் பெற்ற நகரம் இங்கிலாந்திலுள்ள செபீல்டு. அதற்கு முதற் காரணம் உருக்கு. மணிக்கூடு செய்பவரான பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன், தம் தொழிலுக்கு வேண்டிய சுருள்வில்லுக்குச் சீரான உருக்குக் கிடையாமையால், 1740களில் உருக்கை மூசையிலிட்டு முற்றாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அம்முறையால், முன்பு ஒரே கம்பியில் ஓரிடம் வன்மையாயும் மற்றோரிடம் மென்மையாயும் இருந்த குறை பெரிதும் நீங்கிற்று. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்பட்ட காபன் கொண்ட இவ்வுருக்கே அரத்துக்கு ஏற்ற பொருளாயிற்று.

பல் வெட்டும் முறை குறித்துச் சற்று விரித்துரைத்தல் தகும்; வழக்கின் உயிர்நிலை அங்கேயே உள்ளது. அடித்து உருவாக்கிய உருக்குத் துண்டை முதலிற் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குவர். பின்னர் சாணைக்கல்லில் முகத்தைச் சமமாக்குவர். வெட்டுபவன் கல்லின்மேற் பதித்த அடைகல்லின் முன் அமர்ந்து, அரத்தின் இரு நுனியையும் தோல்வாரால் பிணித்து, அவ்வாரைக் கால்களால் மிதித்து இறுக்கிக்கொள்வான். உளியைச் சற்றுச் சாய்த்து முனையருகில் வைத்துச் சுத்தியலால் ஓரடி கொடுப்பான். உருக்கில் ஒரு பள்ளமும் அதன் விளிம்பில் ஒரு சிறு மேடும் எழும். அம்மேடே பல். அடுத்த பல்லுக்கு இடங்காண அவனிடம் அளவுகோல் கிடையாது. உளியை முகத்தின்மேல் வழுக்கிச் செலுத்துவான். முந்திய பல்லின் மேட்டில் அது தடைப்பட்டு நிற்குமிடமே அடுத்த அடிக்குரிய இடம். நயமான அரத்தில் ஓரங்குலத்துக்கு 50க்கு மேற்பட்ட பற்கள் இருக்கும். ஆகவே பத்தங்குல நீளமுள்ள முகமொன்றில் முதல் வரிசைக்கே 500க்கு மேற்பட்ட அடிகள் வேண்டும்; அதன்மேற் குறுக்கு வரிசைக்கு அத்துணையும், மறுமுகத்துக்கு இரு மடங்கும் வேண்டும். இவை அனைத்தையும் அவன் கண்ணாற் பாராது கையாலேயே அறிந்து செய்தான் எனலாம். உருக்கு ஓரிடத்தில் வன்மையாயிருப்பின் அடி தானே கனத்தது, மென்மையாயிருப்பின் தணிந்தது.

இத்திறமைக்கு அவன் கொடுத்த விலையையும் கூறாது விடுதல் நீதியன்று. ஒருமுகம் வெட்டி முடிந்த அரத்தைத் திருப்பி வைக்குங்கால் அப்பற்கள் நசுங்காதிருத்தற்பொருட்டு அடியில் ஈயத் தகடு இடப்பட்டது. அடிதோறும் எழுந்த ஈயத்தூளை அவன் சுவாசித்தான். உளியைப் பற்றுதற்கு விரலை நாவில் நனைத்து அதனை உண்டான். வயிற்று நோவும், மணிக்கட்டுத் தொங்கிப்போதலும், இளமையிற் சாவும் அத்தொழிலாளரிடையே வழக்கமாயின. செபீல்டு மருத்துவர் ஜோன் சார்ள்ஸ் ஹோல் 1865இல் வெளியிட்ட நூலில் அரம் வெட்டுவோரின் நிலையைச் சிறப்பாக எடுத்துரைத்தார். எக்கிள்சுபீல்டு போன்ற சுற்றூர்களில், வீட்டை அடுத்த சிறு கொட்டில்களில் பெண்களும் இத்தொழிலைச் செய்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய அரத்தின் அழகைப் புகழ்வோர் இவ்வீயத்தை மறந்தே புகழ்கின்றனர்.

பொறியால் அரம் வெட்டும் எண்ணம் மிகப் பழையது. லியொனார்டோ டா வின்சி அதற்கு ஒரு படம் வரைந்துள்ளார். எடை இறங்க, சுத்தியல் தானே எழுந்து விழ, ஒவ்வோரடிக்கும் அரம் ஒரு சிறு தூரம் நகர்தலே அதன் அமைப்பு. பின்னர்ப் பலர் முயன்றனர். பிரான்சியரான பெர்னோ என்பவரின் பொறி 1850களின் பிற்பகுதியில் இங்கிலாந்துப் பொறியியலாளரின் கவனத்தை ஈர்த்தது. பொறிகள் வெட்டின, ஆனால் கம்மியர் அவ்வரங்களை விரும்பிலர். செபீல்டின் வெட்டுவோர், பொறி அரம் போலி அரம் என்றனர். அவர்கள் தம் பிழைப்புக்காகவே அவ்வாறு கூறினர் என ஒதுக்கிவிடலாகாது. பொறி அரத்தை அராவும்போது அஃது அதிர்ந்து துள்ளிற்று. வேலைப் பொருளின் முகத்தில் கோடு கோடாகத் தடம் விட்டது.

இதன் காரணம் வியப்புக்குரியது. பொறி அரம் குறையுடைத்தாயது அதன் செம்மையினாலேயே. பற்கள் யாவும் ஒரே இடைவெளியில் நிற்கும்போது, முன்பல் கீறிய பள்ளத்திலேயே பின்பல்லும் விழுகின்றது. பள்ளம் ஆழமாகின்றதேயன்றி முகம் சமமாவதில்லை. ஒரே தாளத்தில் விழும் பற்கள் அதிர்வையும் எழுப்புகின்றன. கையால் வெட்டிய அரத்திலோ இடைவெளிகள் மிக நுண்ணிய அளவில் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. ஒரு பல் விட்டதை மற்றொரு பல் பற்றிற்று. மனிதக் கையின் தவறு எனக் கருதப்பட்டதே அக்கருவியின் குணமாயிருந்தது.

இதனைத் தெளிவாக உணர்ந்து பயன்படுத்தியவர் அமெரிக்கரான வில்லியம் நிக்கல்சன். ரோட் ஐலண்டு மாநிலத்தின் புரொவிடென்சு நகரில் 1864இல் அவர் அரத் தொழிற்சாலையை நிறுவினார். உள்நாட்டுப் போர்க் காலமாதலின், இறக்குமதி வரி மிகுந்து செபீல்டு அரங்கள் அங்கு விலையேறியிருந்தன. இவரது பொறி வெட்டிய அரத்தில் பற்களின் இடைவெளி முனையினின்று நடுவை நோக்கிப் படிப்படியாக மிகுந்தது. அதனோடு குறித்த எல்லைக்குட்பட்ட ஒழுங்கின்மையும் வேண்டுமென்றே புகுத்தப்பட்டது. 1878இல் அரங்களைப் பற்றி வெளியிடப்பட்ட அவரது நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. பொறியானது கையை வென்றது, கையின் ஒழுங்கின்மையைக் கற்றுக்கொண்ட பின்னரே எனலாம்.

செபீல்டில் இம்மாற்றம் இவ்வளவு அமைதியாக நிகழவில்லை. 1866இல் அரத் தொழிலாளர் கூலியுயர்வு வேண்டிப் பல வாரங்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். பொறியின் வரவும் அப்பூசலிற் கலந்திருந்தது. தொழிலாளர் தோற்றனர். அதே ஆண்டில் அந்நகரில் ஈர்வாள் தீட்டுந் தொழிலைச் சார்ந்து நிகழ்ந்த வெடிமருந்துக் கொடுமையை இதனோடு சேர்த்துக் கூறுவாருமுளர்; அது வேறு தொழிலின் கதை. தோல்விக்குப் பின்னரும் கைவெட்டு உடனே மறையவில்லை. கொட்டிற் கூலி குறைவாயிருந்தவரை முதலாளிகளுக்குப் பொறியை வாங்கும் அவசரம் எழவில்லை. ஆதலின் 20ஆம் நூற்றாண்டிலும் ஈயத் தகட்டின்மேற் சுத்தியல் ஒலித்தது.

பல் வெட்டியதோடு அரம் முடிந்துவிடுவதில்லை. மெல்லுருக்கில் வெட்டிய பல்லை வன்மையாக்குதல் வேண்டும். உப்பும் மாவும் முதலியன கலந்த பசையைப் பூசி அரத்தைக் காய்ச்சுவர். அப்பசை பல்லின் நுனியிலுள்ள காபன் எரிந்து போகாது காத்தது. உப்பு உருகுதல் தக்க வெப்பம் வந்தமைக்கு அடையாளமுமாயிற்று. பின்பு உப்புநீரில் தோய்த்து, முற்றும் ஆறுமுன் வளைவு நிமிர்த்தி, தட்டி ஓசை கேட்டு வெடிப்பு உண்டோ எனத் தேர்ந்தனர். இருண்ட அறையில் நெருப்பின் நிறத்தைக் கண்டே வெப்பத்தைத் துணிந்த அத்தொழிலாளி திறமையானவனே. எனினும் மாலையிற் களைத்த கண்ணும் காலையிற் றெளிந்த கண்ணும் ஒன்றல்ல. 1880களில் லெ சாத்தலியே உயர்வெப்பத்தை அளத்தற்குரிய வெப்பவிணையைச் செம்மையாக்கிய பின்னர், நிறத்தின் இடத்தை எண் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஞ்செஸ்ரர் நகரின் எட்வேட் ஹேபேட் அரத்தைச் சோதிக்கும் பொறியொன்றை அமைத்தார். அது சோதனைக் கம்பியின்மேல் அரத்தை முன்னும் பின்னும் ஓட்டி, எத்தனை ஓட்டத்துக்கு எவ்வளவு உலோகம் அராவப்பட்டது என்பதைத் தாளில் வளைகோடாக வரைந்தது. இவ்வகையில் புதிய முறை பழையதினும் மேம்பட்டதென்பதில் ஐயமில்லை. பழைய முறையிற் சிறந்த அரம் மிகச் சிறந்ததாயிருந்தது; ஆனால் அடுத்த அரமும் அவ்வாறே இருக்கும் என எவரும் உறுதி கூற இயலவில்லை.

அவ்வாறாயின், புதிய அரம் விரைவில் மழுங்குகின்றது என்னும் முறைப்பாட்டுக்கு யாது விடை? பழைய அரம் விலையுயர்ந்த பொருள். மழுங்கியதும் அதனை எறிந்துவிடாது, மீண்டும் காய்ச்சி மென்மையாக்கிச் சாணை பிடித்துப் புதுப் பல் வெட்டுவித்தனர். ஒரே அரம் பன்முறை இவ்வாறு புத்துயிர் பெற்றது. மறுபல் வெட்டுதலைத் தாங்க வேண்டியிருந்தமையால் உருக்கும் நல்லதாய், தடிப்பும் போதியதாய் இருத்தல் வேண்டிற்று. பொறியால் அரம் மலிந்தபோது மறுபல் வெட்டுங் கூலி புதிய அரத்தின் விலையை நெருங்கிற்று, அவ்வழக்கம் அருகிற்று. ஒருமுறை மட்டும் உழைக்கவேண்டிய பொருளுக்குச் சிறந்த உருக்கை இடுதற்கு வணிகன் கடமைப்பட்டவனல்லன். இன்றைய மலிவான அரத்தின் குறை பொறி வெட்டியதால் வந்ததன்று. உருக்கிலும் வன்மையாக்கலிலும் செய்த சிக்கனத்தால் வந்தது. தக்க விலை கொடுப்பார்க்கு, ரொக்வெல் அளவில் 60க்கு மேற்பட்ட வன்மையுடைய நல்லரம் இன்றும் கிடைக்கின்றது.

கைவெட்டு முற்றாக ஒழியாத துறையும் ஒன்று உளது. மரத்தை அராவுதற்குரிய முள்ளரத்தில் நீண்ட பல் இல்லை. கூரிய உளியால் ஒவ்வொன்றாக எழுப்பிய முட்களே உள்ளன. பொறி முள்ளை வரிசையாக எழுப்புவதால் மரத்தில் உழவுசால் போன்ற கோடு விழுகின்றது. கையால் எழுப்பிய முட்கள் சிதறி நிற்பதால் முகம் நயமாகின்றது. தளபாடம் செய்வோரும் வயலின் முதலிய இசைக்கருவி செய்வோரும் அதனையே விரும்புகின்றனர். பிரான்சில் இவ்வரங்கள் இன்றும் கையாற் செய்யப்படுகின்றன. இடக்கை வழக்குடையார்க்கு முட்களை மறுபுறஞ் சாய்த்து எழுப்பிக் கொடுப்பதும் அங்கு உண்டு.