வேதாளத்துக்கு உருவம் கொடுத்தவர்

விக்கிரமாதித்தன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? கையில உருவின வாள், தோள்ல ஒரு பிணம், அதுலேர்ந்து கிளம்பிப் பேசற வேதாளம், சுத்திலும் சுடுகாடு. சரியா? எனக்கும் அதேதான். தெலுங்கு சந்தமாமா படிச்சு வளர்ந்த என் டீம் நண்பனுக்கும் அதேதான். இத்தனை பேர் மண்டையில ஒரே படத்தை ஏத்தினவர் ஓவியர் சங்கர். முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன்.

1924-ல் ஈரோடு பக்கத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பத்தோட சென்னைக்கு வந்துட்டார். எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தபோது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கே, அதைச் செய்தவரேதான். படிப்பு முடிஞ்சு 1946-ல் கலைமகளில் வேலை. கி.வா.ஜ. ஆசிரியராக இருந்த காலம். மாதச் சம்பளம் 85 ரூபாய்.

1952-ல் வடபழனிக்கு, அம்புலிமாமாவுக்கு மாறினார். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது. (ஆமாம், மிஸ்ஸியம்மாவும் மாயாபஜாரும் எடுத்த அதே ஜோடி!) அதற்கப்புறம் சங்கர் வேறெங்கும் நகரவில்லை. அறுபது வருஷம்!

அம்புலிமாமா பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. ஆனா எல்லாத்துக்கும் படம் ஒண்ணுதான், எழுத்து மட்டும் மாறும். நம்ம பாஷையில சொன்னா, கோட் ஒண்ணு, மொழிக் கோப்பு வேற வேற. யோசிச்சுப் பாருங்க, ஒரே ராஜாவை தமிழ்க் குழந்தையும் நம்பணும், ஒரியாக் குழந்தையும் நம்பணும். கோபமோ பயமோ, முகத்திலும் கையிலும் தெரிஞ்சாகணும். அதை மாசாமாசம் செய்திருக்கார் மனுஷன்.

இன்னொண்ணு. வேதாளம் சொன்ன மூலக்கதைகள் இருபத்தஞ்சுதான். அது தீர்ந்த பிறகும் புதுசு புதுசா கதை கட்டி, பல பத்தாண்டுகள் அந்தத் தொடரை ஓட்டினார்கள். கதை எழுதியவர்கள் மாறினார்கள். ராஜாவும் வேதாளமும் மட்டும் அதே சங்கர் படம்தான். எனக்குத் தெரிஞ்சு, அந்தக் கதைகள்ல பாதிக்கு மேல யாருக்கும் ஞாபகம் இல்லை. படத்தை மறந்தவங்கதான் யாரும் இல்லை.

2013-ல் அம்புலிமாமா நின்று போனது. கிட்டத்தட்ட தொண்ணூறு வயசு. அப்பவும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் 'ராமகிருஷ்ண விஜயம்' இதழுக்கு வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பர் 29 அன்று, 96 வயதில் காலமானார்.

பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. எப்போ? 2021 ஜனவரியில்! நாலு மாசம் முன்னாடி கொடுத்திருந்தா கையில வாங்கியிருப்பார். எழுபது வருஷத்துக்கு மேல வரைஞ்சவருக்கு அந்த நாலு மாசம் கிடைக்கலையேங்கறதுதான் என் ஆதங்கம்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய அம்புலிமாமா கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படத்தோட மூலையைப் பாருங்க. சங்கரோட கையெழுத்து இருந்தா, உங்க வீட்டுப் பொடிசுகள்கிட்ட அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. வேதாளம் பேரு அதுங்களுக்கு ஏற்கெனவே தெரியும் :-)