முஸ் கிராமத்துப் பள்ளிக்கூடமும் ஒரு கால்பந்தும்

அந்தமான் தமிழர் வரலாறு என்றால் கோயில் கட்டினவர், கடை போட்டவர், கப்பலேறி வந்தவர் என்று ஒரு வரிசை சொல்வோம். பள்ளிக்கூடம் வைத்த ஒரு தமிழர் அந்த வரிசையில் வருவதேயில்லை. அவர் பெயர் வேதப்பன் சாலமன்.

சென்னை மாகாணத்திலிருந்து வந்த ஆங்கிலிக்கன் சபை உபதேசியார் அவர். 1890-களில் போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கார் நிக்கோபார் தீவின் முஸ் கிராமத்துக்குப் போய்க் குடியேறினார். அரசாங்க ஏஜெண்டு வேலையும் அவரிடமே இருந்தது. தேங்காய், கொப்பரைக்காக வெளித்தீவுக் கப்பல் வியாபாரிகள் வந்துபோன இடம் அது. அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1901 சென்சஸ் அறிக்கையில் அச்சாகியுள்ளன. வியாபாரியான எனக்கு அதுவே ஒரு புதையல். ஆனால் இங்கே சொல்ல வந்தது அவருடைய பாடசாலையைப் பற்றி.

பள்ளி என்ற சொல் முன்பு சமண முனிவர் தங்கும் இடத்தைக் குறித்தது. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்ற பெண் ஆசிரியர் பெயர்களும் உண்டு. துறவியர் இருந்த இடம் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் இடமானது. சமணக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முஸ்ஸிலும் வழிபாட்டோடு சேர்ந்தேதான் எழுத்து வந்தது.

சாலமனிடம் படித்த சிறுவன் ஒருவனை மேல்படிப்புக்கு பர்மாவின் மண்டலே மிஷன் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு 1912-இல் அவர் ஆசிரியராகத் திரும்பினார். கூடவே வந்தது கால்பந்து. இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் ஒழுங்குபட்டு, 1863-இல் லண்டனில் சட்டதிட்டம் எழுதப்பட்ட ஆட்டம், மிஷன் பள்ளிகள் வழியாக தென்னந்தோப்புக்குள் வந்து சேர்ந்தது! ஜப்பானியர் காலத்தில் ரிச்சர்ட்சன் சிறைப்பட்டார். 1950-இல் பிஷப், 1952-இல் மக்களவை நியமன உறுப்பினர், 1975-இல் பத்மபூஷண். கார் நிக்கோபார் விளையாட்டரங்கம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கத்தோலிக்கர் வந்த வழி வேறு. 1918 முதல் ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்த ஆதிவாசித் தொழிலாளர்களே அங்கே முதல் பெரிய கத்தோலிக்கக் கூட்டம். 1965-இல் கோவாவின் பிலார் சபைக் குருமார் பொறுப்பேற்றார்கள், 1984-இல் தனி மறைமாவட்டம் ஆனது. அவர்கள் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் தலைநகரில் ஒரே மைதானத்தில் மோதிக்கொள்ளும். இன்று நேதாஜி ஸ்டேடியம் எனப்படும் அது பழைய ஜிம்கானா மைதானம். 30-12-1943 அன்று நேதாஜி கொடியேற்றிய மண்.

2004 டிசம்பர் 26 சுனாமி கார் நிக்கோபாரைத் துடைத்துப் போட்டது. அப்போது ஒன்பது வயது டெபோரா ஹெரால்ட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் உயிர் தப்பினாள். பிறகு சைக்கிள் பந்தயத்தில் நாட்டுக்காக ஓட்டினாள். அதே தீவின் ஈசோ ஆல்பன் 2018-இல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். உலகப் போட்டியில் இந்தியச் சைக்கிள் ஓட்டத்துக்கு அதுவே முதல் பதக்கம். சில ஆயிரம் குடும்பம் வாழும் தீவு அது!

நம்ம வீடுகளில் என்ன நடக்குது? சாயங்காலம் மைதானத்துக்குக் கிளம்புற பிள்ளையை டியூசனுக்குத் திருப்பி விடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்தால் பந்தே பரண்மேல். படிப்பும் பந்தும் ஒரே வாத்தியார் கையிலிருந்து வந்தவை என்பதற்கு நம் பக்கத்துத் தீவே சாட்சி, அந்த வாத்தியாருக்கு எழுத்தறிவித்தவர் தமிழர்.

வருகிற பொங்கல் விளையாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்துக்கு வேதப்பன் சாலமன் பெயரில் ஒரு சுழற்கோப்பை வைக்கலாமா என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கோப்பைச் செலவு என் கடைக் கணக்கு.