உக்காழுக்குப் போவதா, தூமாவுக்குப் போவதா?

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த மூன்று சகோதரிகள் நகரத்துக் கண்காட்சி ஒன்றில் கடை எடுத்தார்கள். மாதக்கணக்கில் இரவு கண்விழித்துப் பின்னிய தொப்பிகள், பூவேலை செய்த தொழுகை விரிப்புகள், குழந்தைச் சட்டைகள் எல்லாம் அங்கே போயின. இரண்டு நாள் முடிந்து கணக்குப் பார்த்தபோது, விற்ற பணம் கடை வாடகைக்கே போதவில்லை. வந்த கூட்டமெல்லாம் தின்பண்டக் கடைகளைச் சுற்றியே நின்றது. "இனி இந்த வேலையே வேண்டாம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது நமக்கு மனம் கனத்தது. கைவேலையை விட்டுவிட நினைக்கும் முன், கொண்டுபோன சந்தையைப் பற்றிச் சற்று யோசித்திருக்கலாமே என்று தோன்றியது.

இந்த யோசனை அரபு மண்ணில் மிகப் பழையது. ஹிஜ்ரி 245-இல் மறைந்த வரலாற்றாசிரியர் முஹம்மத் இப்னு ஹபீப், இஸ்லாத்துக்கு முந்தைய அரபியரின் சந்தைகளைத் தம் 'அல்முஹப்பர்' நூலில் வரிசையாகச் சொல்கிறார். ரபீஉல் அவ்வலில் வடக்கே தூமத்துல் ஜந்தல், ஜுமாதல் ஆகிராவில் கிழக்குக் கரையோரம் முஷக்கர், பின்னர் ஓமானில் ஸுஹார், தபா, தெற்கே ஏடன், ஸன்ஆ, இறுதியாக ஹிஜாஸில் உக்காழ். ஒட்டகத்தின் மேல் சரக்கேற்றிய வணிகனால் இத்தனைக்கும் போய்விட முடியாது. எதற்குப் போவது, எதை விடுவது என்று அவன் முடிவு செய்தாக வேண்டும்.

தூமத்துல் ஜந்தலை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆட்சியாளர் தம் சரக்கு முழுவதையும் விற்று முடிக்கும் வரை வேறெவரும் விற்க முடியாது. அதன் பிறகு விற்றாலும் பத்தில் ஒரு பங்கு வரி. விற்பனை நடந்த விதமும் விநோதமானது: பொருளைச் சுற்றி நிற்பவர்களில் விருப்பமுள்ளவர் கல்லை எறிவார், அத்தோடு பேரம் முடிந்தது. முஷக்கரிலோ தொட்டவுடன் விற்பனை. மடித்த துணியை விரித்துப் பார்க்காமலே, கை பட்டதால் வாங்கியதாகிவிடும். நுணுக்கமாக நெய்த துணியும் அவசரத்தில் நெய்த துணியும் அங்கே ஒரே விலைக்குப் போகும். கல்லெறிந்து விற்பதையும் தொட்டு விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடை செய்தது வாங்குபவரைக் காப்பதற்காக என்றே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். நல்ல வேலை செய்யும் கைவினைஞருக்கும் அது பாதுகாப்பு என்பது நம் எண்ணம்.

உக்காழ் வேறு வகை. நக்லாவுக்கும் தாயிஃபுக்கும் இடையே துல்கஅதாவின் முதல் இருபது நாள் அது கூடியது. போர் விலக்கப்பட்ட மாதமாதலால் வழியில் அச்சம் குறைவு. வரியும் இல்லை, வழிக்காவல் கட்டணமும் இல்லை என்று இப்னு ஹபீப் குறிப்பிடுகிறார். அங்கே விற்ற பதனிட்ட தோலுக்கு 'உக்காழித் தோல்' என்றே பெயர் நிலைத்தது. அது கலைந்ததும் பத்து நாள் மஜன்னா, பிறகு அரஃபா அருகே துல்மஜாஸ், அதன்பின் ஹஜ். ஒரே பயணத்தில் மூன்று சந்தைகள்! ஹஜ் காலத்தில் வணிகம் செய்வது குற்றமாகுமோ என்று பின்னாளில் முஸ்லிம்கள் தயங்கியபோதுதான், அது குற்றமில்லை என்னும் அல்பகரா 198-ஆம் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹிஜ்ரி 129-இல் காரிஜிகளின் கலகத்தின்போது உக்காழ் நின்றுபோயிற்று.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களே சந்தைக்கு இடம் தேர்ந்த செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. ஒரு சந்தையைப் பார்த்து, இது உங்களுக்கு உகந்ததன்று என்றார்கள். இன்னொன்றைப் பார்த்தும் அவ்வாறே சொன்னார்கள். மூன்றாவதைச் சுற்றி வந்து, இதுவே உங்கள் சந்தை, இதில் வரி விதிக்கப்படலாகாது என்ற கருத்தில் கூறினார்கள். கைத்தொழில் நபியின் வீட்டிலும் இருந்தது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்தவர்கள்.

அந்தச் சந்தை கட்டடமில்லாத திறந்த வெளியாகவே இருந்தது. உமைய்யா கலீஃபா ஹிஷாம் இப்னு அப்துல் மலிக் (ஹிஜ்ரி 105–125) காலத்தில் அதன்மேல் பெரிய கட்டடம் எழுந்தது. கீழே கடைகள், மேலே தங்கும் அறைகள், அனைத்துக்கும் வாடகை. மதீனாவாசிகள் பொறுத்திருந்தார்கள். ஹிஷாம் இறந்த செய்தி வந்ததும் திரண்டு சென்று அதை இடித்துத் தள்ளினார்கள். சந்தை மறுபடியும் வெட்டவெளியாயிற்று.

நம் சகோதரிகளால் கண்காட்சி மண்டபத்தை இடிக்க முடியாது. வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வர முடியும். இம்முறை அவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு கண்காட்சிகளுக்கு வெறுங்கையோடு போய், யார் வருகிறார்கள், எதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டும் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஷஅபானில் ஒரு மதரஸா வளாகத்தில் கூடும் சிறு சந்தையில் மூவருக்கும் சேர்த்து ஒரே மேசை கேட்டிருக்கிறார்கள்.