மூன்றாம் வகுப்பில் போனவர்கள்

2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்தபோது பழைய 'போட் மெயில்' பெருமை மறுபடி கிளம்பியது. 1914இல் பாலம் வந்தது, சென்னையில் ஒரே டிக்கெட் வாங்கி ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு போகலாம், எப்பேர்ப்பட்ட காலம் என்றார்கள். யாருக்கு?

மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். கூலி என்று பெயர் பதிந்தவர்களைக் கப்பலேற்றும் முன் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து நோய் பார்த்தார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. கடல் ஒன்றுதான், பயணம் ஒன்றல்ல.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. சொந்தம் பார்க்கப் போவதும் பாஸ்போர்ட், விசா விவகாரமாயிற்று.

எங்க அப்பாயி 1956இல் அட்டன் பக்கம் தோட்டத்திலிருந்த அக்காளைப் பார்க்கப் போச்சு. திருச்சியில ஏறி ராத்திரி பூரா மரப்பலகை. தனுஷ்கோடியில கப்பல், வாந்தி. தலைமன்னாரில் மறுபடி ரயில், பொல்காவலையில் மாறி மலையேற வேண்டும். "முதுகுல பலகை அச்சு விழுந்திருச்சு. கட்டுச்சோறு ஊசிப்போச்சு. பக்கத்துல இருந்தவ என்ன ஆளுகன்னு கேட்டா. சொன்னேன். கூஜாவ அந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கிட்டா" என்று சொல்லும். போட் மெயில் பெருமையில் இந்தக் கூஜா வருவதில்லை.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அதே வருஷம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது, ஒரு ரயிலை ஆட்களோடு விழுங்கியது. புயலை வருஷா வருஷம் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

தாயகம் திரும்புவோரை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். அப்பாயியின் அக்காள் அதில்தான் வந்தது, 1973இல். மூத்த மகளுக்கு அந்த நாட்டுக் காகிதம். அவள் அங்கேயே நின்றாள். அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. கோத்தகிரியில் கிழவி செத்தபோது கடிதம்தான் போனது.

பாலத்துக்கும் புயலுக்கும் ஆவணம் இருக்கிறது. நம்ம சனத்தின் பயணத்துக்கு ஆவணம் கிழவிகளின் வாய்தான். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் சேரியிலும் அக்கரைக்குப் போனவர், திரும்பியவர் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள்.