பிய்த்தெடுக்க முடியாத துகள்

உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் தனித்து நிற்கிற ஒரு துகள் கிடைக்கும். டெமாக்ரிடஸ் தொடங்கி மேற்கத்தியச் சிந்தனையை ஆட்டிவைத்த நம்பிக்கை இது. அணு உடைந்தது, அணுக்கரு உடைந்தது, நம்பிக்கை மட்டும் உடையவில்லை. அது எங்கே தடுமாறியது என்பதே என் கேள்வி.

1964இல் முர்ரே கெல்-மானும் ஜார்ஜ் ஸ்வெய்க்கும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: புரோட்டானும் நியூட்ரானும் மும்மூன்று கூறுகளால் ஆனவை. ஸ்வெய்க் வைத்த பெயர் 'ஏஸ்'. நிலைத்ததோ கெல்-மானின் 'குவார்க்'. அவை நிஜமா, வெறும் கணக்கா என்பதில் கெல்-மானுக்கே தயக்கம். 1960களின் கடைசியில் ஸ்டான்போர்டில் எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டபோதுதான், உள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ இருப்பது தெரிந்தது.

இருந்தும் ஒன்றைக்கூடப் பிய்த்தெடுக்க முடியவில்லை. ஏன்? நெருங்கினால் குவார்க்குகளின் பிணைப்பு தளர்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் கணக்கிட்டுச் சொன்னார்கள். விலக்கினால் விடாது. இழுக்கச் செலவிடும் ஆற்றலே புதிய குவார்க், எதிர்க்குவார்க் ஜோடியாகிவிடுகிறது. தனியாள் சிக்குவதே இல்லை. பிணைக்கிற குளுவானின் தடயம் 1979இல் ஹாம்பர்க்கில் கிடைத்தது. இந்தப் பிணைப்பின் மிச்சம்தான் புரோட்டானையும் நியூட்ரானையும் அணுக்கருவாகச் சேர்த்து வைக்கிறது.

மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் 1 சதவீதம்தான் வரும். மீதியில் பெரும்பகுதி அவற்றின் இயக்கமும் குளுவான் புலத்தின் ஆற்றலும். நம் உடம்பின் கனமே ஏறக்குறைய உறவின் கனம்.

உடனே 'சமூகமும் இப்படித்தான்' என்று கிளம்புவார்கள் நம்மாட்கள். வேண்டாம். பிரிக்க முடியாத பிணைப்பைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்த எவ்வளவு நேரமாகும்? 'தனி அலகு முதலில், உறவு பிறகு, இதுதான் இயற்கை' என்று அடித்துப் பேசுகிறவரிடம், புரோட்டானில் அப்படி இல்லையே என்று சொல்லலாம். அவ்வளவுதான்.