நீக்கப்பட்ட சரணம்

1963 அக்டோபரில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில், சாம் குக் என்னும் புகழ்பெற்ற பாடகருக்கு ஒரு விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. அறை முன்பதிவாகியிருந்தது; அவர் கறுப்பினத்தவர் என்பதே தடை. எதிர்த்துக் குரல் எழுப்பியவரைக் காவலர் கைது செய்தனர்.

அவர் ஒரு போதகரின் மகன். 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் நற்செய்திப் பாடகர் குழுவில் பாடியவர். பின்னர் அவர் உலகப் பாடல்களுக்குச் சென்றபோது விசுவாசிகள் பலர் வருந்தினர். (நாமும் முகம் சுளித்திருப்போம்.) ஆயினும் 1964 ஜனவரியில் அவர் பதிவுசெய்த 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' பாடலைக் கேட்டுப்பாருங்கள், ஆலயத்தில் கற்ற விண்ணப்பத்தின் தொனி அதில் அப்படியே இருக்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று, 33 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 11 நாட்களுக்குப் பின் அப்பாடல் தனித்தட்டாக வெளிவந்தது, 'ஷேக்' என்னும் ஆட்டப்பாட்டின் மறுபக்கத்தில். நகருக்குள் சென்றால் விரட்டப்படுவதைச் சொல்லும் சரணம் மட்டும் அதில் இல்லை. எந்த அவமதிப்பிலிருந்து பாடல் பிறந்ததோ, அதற்கு மிக நெருங்கிய பகுதி அதுவே! முந்தைய இசைத்தொகுப்பில் அச்சரணம் தப்பியிருந்தது. உரிமைப் போராட்டக்காரர்கள் பாடலைத் தங்களுடையதாக்கிக்கொண்டனர்.

2019இல் ஷ்ரீவ்போர்ட் மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவரை வெளியேற்றிய நகரத்தின் கௌரவச் சாவி அன்று அவருடைய பெயரில் வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.